ஹேபாவும் கிழக்கும்

எனக்கு வராத மொழி தமிழ். இதைச் சொன்னால், நான் எங்கோ வடக்கே வளர்ந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறந்தது, வளர்ந்தது, டிப்ளமா படித்தது எல்லாம் திருச்சி. வீட்டில் வேறு பாஷை கிடையாது. விஷயம் இதுதான்: எனக்குத் திக்குவாய். அந்நியர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சமாளித்துவிடுவேன். தமிழர்கள் நாலு பேர் சேர்ந்து நின்று என் வாயைப் பார்த்தால் போதும், தொண்டையில் பூட்டு விழுந்துவிடும்.

திக்குவாய்க்காரனுக்கு எல்லா எழுத்தும் எதிரி இல்லை. எனக்கு 'க'தான் ஜென்மப் பகை. ஓட்டலில் காப்பி என்று கேட்க முடியாமல் டீ குடித்தே வளர்ந்தவன் நான். கத்திரிக்காய் வாங்கிவரச் சொன்னால் வெண்டைக்காயோடு வருவேன். அம்மா முதலில் திட்டினாள், பிறகு புரிந்துகொண்டு என்னிடம் வெண்டைக்காய் மட்டுமே வாங்கிவரச் சொன்னாள். ஒரு சொல் வராது என்று தெரிந்தவுடன், வாய்க்குப் போவதற்குள் அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதில் எனக்குப் பட்டமே தரலாம். கேட்பவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் விசித்திரமாகப் பேசுகிறான் என்று மட்டும் நினைப்பார்கள்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சின்ன வயதில் அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள். அப்பா, "நிறுத்தி நிதானமாப் பேசுடா" என்று எப்போதும் நிதானமில்லாமல் கத்துவார். சொந்தக்காரர்கள் கருணை மிகுந்தவர்கள். நான் பாதியில் நிற்கும்போது மீதியை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் தப்பாக முடிப்பார்கள். மறுத்துப் பேசுவதற்கு இன்னொரு வாக்கியம் தேவைப்படும் என்பதால் நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவேன். நான் சொல்லாததற்கெல்லாம் ஆமாம் போட்டே பாதி வயது போயிற்று.

நான் திக்கும்போது எதிரில் நிற்பவர்களின் முகம் என்ன ஆகும் என்பது எனக்கு அத்துப்படி. ஒருவர் தன் செருப்பைப் பார்ப்பார். ஒருவர் திடீரென்று வானத்தில் ஏதோ இருப்பதைக் கண்டுபிடிப்பார். இன்னொருவரின் உதடு அந்தச் சொல்லை எனக்காகச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

படம் வரைகிறவனுக்கு வாய் எதற்கு? அதனால்தான் டிராஃப்ட்ஸ்மேன் ஆனேன். சவூதியில் ஒரு கொரியக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சென்னைக்குப் போனபோது, இன்டர்வியூ செய்தவர் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் கொண்டுபோன வரைபடங்களை விரித்து, கோடுகளை விரலால் தடவிப் பார்த்து, எழுத்துகளைப் படித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த நாளைப் போல ஒரு இன்டர்வியூ உலகத்தில் யாருக்கும் அமைந்திருக்காது.

அது எழுபதுகளின் பின்பாதி. அல் கோபாரிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போனால் எங்கள் சைட். மணலைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு சின்ன ஊரையே கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தகர கேபினில் வேலை. ஜன்னலில் ஏசி உறுமும். பிரின்ட் எடுக்கும் மெஷினிலிருந்து அமோனியா வாடை கண்ணைக் கரிக்கும். என்னைச் சுற்றிலும் கொரியர்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் தகராறு. "இந்தச் சுவர்... ம்... இந்தச் சுவர்... ம்... இல்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பார்லி வறுத்துப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஒரு குவளை காலியாகிவிடும். நானும் அப்படியே பதில் சொல்வேன். எல்லாருமே நின்று நின்று பேசுகிற இடத்தில், நான் நிற்பது யாருக்கும் தெரியவில்லை. இவனுக்கும் நம்மைப் போல இங்கிலீஷ் வராது என்று விட்டுவிட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பதவிதான் பேர். எங்கள் பிரிவின் தலைவரை எல்லாரும் 'குவாஜாங்' என்றார்கள். பிரிவுத் தலைவர் என்று அர்த்தம். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். ஒல்லியான ஆள், வெயிலில் கறுத்த முகம், காதில் எப்போதும் சிவப்புப் பென்சில். பேச்சு மிகக் குறைவு. வரைபடத்தில் தப்பு இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார், அவ்வளவுதான். மற்ற பிரிவுத் தலைவர்கள் தங்கள் ஆட்களைத் திட்டித் தீர்ப்பார்கள். இவர் கொரியர்களிடமும் கையை அசைத்தும் கண்ணைக் காட்டியும்தான் வேலை வாங்கினார். பெரிய மனுஷத்தனம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் வாயிலிருந்து அடிக்கடி வந்த ஒரே சொல் 'ஹேபா'. புது மாதிரி ஒரு படிக்கட்டை எப்படி வரைவது என்று நான் தயங்கி நின்றபோது முதன்முதலில் சொன்னார். அர்த்தம் கேட்டேன். காற்றில் பென்சிலால் கோடு இழுத்துக் காட்டி, பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டினார். செய், பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'செஞ்சு பாரு' என்று அச்சு அசலாக நாமும் சொல்கிறோமே. ஒரே வித்தியாசம், நம் ஊரில் 'செஞ்சு பாரு' என்பதை ஒரு மாதிரி சொன்னால் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கும். அவர் சொன்னால் அப்படி இருக்காது. கெட்டுப்போனால் இன்னொரு தாள் இருக்கிறது, வரை என்பது போல இருக்கும்.

நிம்மதி நீடிக்கவில்லை. சென்னை ஏஜென்ட் ஒருவர் மூலமாகத் தமிழ் ஆட்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். சென்ட்ரிங் தச்சர்கள், கம்பி கட்டுகிறவர்கள், பாதிப் பேர் ராமநாதபுரம் பக்கம். அவர்களுக்கு மேஸ்திரியாக ஒரு கட்டையான மனிதர், கழுத்துக்கு மேலே முழுக்க மீசையும் நக்கலும். என்னைப் பார்த்ததும், "சாரு தமிழா? எந்த ஊரு சார்?" என்று கேட்டார். நான் புன்னகை செய்துவிட்டு அவசர வேலை இருப்பது போல கேபினுக்குள் போய்விட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் உட்காரும் பக்கமே போகவில்லை. எல்லாரும் வெள்ளிக்கிழமையானால் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து வீட்டுக்குக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். நான் ரூமில் தலையணையில் முகம் புதைத்து அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். சாருக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். திக்குவாய் என்று தெரிவதைவிட அது பரவாயில்லை என்று இருந்தேன்.

கொரியர்கள் அவர்களிடம் சைகையில் வேலை சொன்னார்கள். "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தும் இரண்டு சொல்லை வைத்து எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்? நம்மவர்கள் எதற்கும் "அச்சா அச்சா" என்று தலையை இட வலமாக ஆட்டினார்கள். அது ஆமாமா இல்லையா என்று கொரியர்களுக்குப் புரியவில்லை. ஒருநாள் கிரேன் இறக்கிய கம்பிக் கட்டு ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு தச்சரின் கால்மேல் உட்கார்ந்துவிட்டது. பாதம் நொறுங்கிப்போயிற்று. எந்தப் பக்கம் கிரேன் ஓடும் என்று காலையிலேயே சைகையில் சொன்னதாகக் கொரியர்கள் சொன்னார்கள். ஏதோ கையைக் காட்டினார்கள், சலாம் சொல்கிறார்கள் என்று நினைத்தோம் என்று இவர்கள் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் குவாஜாங் என் மேஜைக்கு வந்தார்.

"நாளைக் காலை. நீ. தமிழ்," என்றார் அவருடைய இங்கிலீஷில். "வேலை எங்கே, கிரேன் எங்கே. நீ சொல். உன் அம்மா பாஷை. சுலபம்."

என்னால் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த 'கான்ட்' என்ற சொல்லின் முதல் எழுத்தும் 'க'தான். அது வரவில்லை. இங்கிலீஷ் வார்த்தை தேடுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, பொறுமையாக நின்றார். பிறகு, "ஹேபா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடியாது என்று சொல்ல முடியாததால் ஒரு வேலை கிடைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

கொரியர்களின் சைட்டில் காலை எப்படி விடியும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போடுவார்கள். எல்லாரும் வரிசையாக நின்று 'ஹனா, தூல், செத், நெத்' என்று எண்ணிக் கையைக் காலை வீசி உடற்பயிற்சி செய்வார்கள். மேஸ்திரி அதை முழு மனதோடு செய்வார். பயிற்சியா நடனமா என்று சொல்ல முடியாது. அது முடிந்ததும் குவாஜாங்கின் உதவியாளர் ஒருவர் முன்னால் வந்து அன்றைய வேலையைக் கொரிய மொழியில் படிப்பார். குவாஜாங் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அன்றைக்கு உதவியாளர் படித்து முடித்ததும் குவாஜாங் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். கவிழ்த்துப் போட்ட ஒரு மரப் பெட்டியின் மேல் ஏறினேன்.

எனக்கு முன்னால் அறுபது பேர். அத்தனையும் தமிழ் முகம். "இன்னைக்கு" என்பதுவரை வந்தது. அடுத்த சொல் கிரேன். தொண்டை பூட்டிக்கொண்டது. க், க், க் என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது. "கேசட்டு சிக்கிருச்சுடோய்."

அறுபது பேரும் சிரித்தார்கள். அவர்கள்மேல் இப்போதும் எனக்குக் கோபமில்லை. வேறொருவனை அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த நிமிடம் மணல் பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது. இறங்கிவிடப் போனேன். அப்போது குவாஜாங் முகமெல்லாம் சிரிப்பாக என் அருகில் வந்து தோளைத் தட்டினார்.

"முதல் நாளே ஜோக். நல்லது. இப்போது வேலை சொல்," என்றார்.

ஜோக்காம். நான் தமிழில் ஏதோ வேடிக்கையாகச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தேனாம். அந்த அப்பாவித்தனத்துக்கு முன்னால் எனக்கு அழுகை கூட வரவில்லை. இவரிடம் போய் உண்மையை விளக்குவதைவிட, எப்படியாவது சொல்லி முடிப்பது சுலபம் என்று தோன்றியது. 'மேலே தொங்குறது' என்று கிரேனுக்கு ஒரு மாற்றுப் பேர் வைத்துச் சமாளித்து இறங்கினேன்.

அடுத்து வந்த நாட்களில் என் பழைய வித்தையையே காட்டினேன். 'க'வில் தொடங்கும் சொற்களைத் தூக்கிவிட்டு வேறு சொற்களை வைத்தேன். கம்பி 'இரும்பு' ஆயிற்று. கான்கிரீட் 'மாவு' ஆயிற்று. அதற்கும் சிரித்தார்கள், இட்லி எப்போது சார் என்றார் மேஸ்திரி. சிரிக்கட்டும், திக்கவில்லையே என்று எனக்குள் ஒரு சின்னக் கர்வம் கூட வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் கிரேன் கட்டடத்துக்குக் கிழக்கே ஓட வேண்டியிருந்தது. கிழக்கு என் வாயில் வராது. கடல் பக்கம் என்று சொல்லலாம், அதுவும் அதே எழுத்து. காலை நேரம். கடலுக்கு மேலே சூரியன் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருந்தது. எனக்கு உடனே வழி கிடைத்துவிட்டது.

"இன்னைக்கு யாரும் சூரியன் இருக்கிற பக்கம் போக வேண்டாம்," என்றேன். ஒரு தடவை கூட நிற்கவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் தமிழர்கள் முன்னால் சொன்ன மிக நீளமான முழு வாக்கியம் அது.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கிரேனின் ஹாரன் விடாமல் அலறியது. கேபினிலிருந்து ஓடினேன். கட்டடத்தின் கிழக்குச் சுவரடி நிழலில் மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே ஒரு கம்பிக் கட்டு ஆடிக்கொண்டே நின்றது. ஓட்டுநர் பார்த்து நிறுத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எல்லாரையும் இழுத்து வெளியே கொண்டுவந்தோம்.

"ஏன் இங்க வந்தீங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"நீங்கதான சார் காலைல சொன்னீக, வெயில் இருக்கிற பக்கம் போகாதீகன்னு. கொரியாக்காரவுக எம்புட்டு நல்ல மனசுன்னு பேசிக்கிட்டே நெழலுக்கு வந்தோம்."

அவர் முகத்தில் நக்கல் இல்லை. உண்மையாகவே நன்றியோடு சொன்னார். காலையில் கிழக்கே இருந்த சூரியன் மத்தியானத்துக்கு மேல் மேற்கே போகும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். திக்கக் கூடாது என்ற ஒரே நினைப்பில் எனக்கு அது மறந்துபோயிற்று.

குவாஜாங் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். கிழக்கு என்ற தமிழ்ச் சொல் எனக்கு வாயில் வராது, அதனால் சூரியன் என்றேன் என்று. இனி என்னை விட்டுவிடுங்கள், தமிழ் பேசத் தெரிந்தவர்கள் வெளியே அறுபது பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுங்கள் என்றும் சொன்னேன். இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈஸ்ட், தமிழில் என்ன?" என்றார்.

அதைத்தானே சொல்ல முடியாது என்கிறேன் என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் முயன்றேன். க், க் என்று தொண்டை பூட்டியது. அவர் செருப்பைப் பார்க்கவில்லை, ஏசியைப் பார்க்கவில்லை, உதட்டை அசைக்கவில்லை. வர வேண்டிய ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்பது போல உட்கார்ந்திருந்தார். கடைசியில், "கிழக்கு" என்றேன்.

"கீராக்கு," என்றார் அவர். "நாளை இந்தச் சொல். வேறு சொல் இல்லை. ஹேபா."

மறுநாள் பெட்டியின் மேல் ஏறியபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் குறி. திக்கலாம், நிற்கலாம், கழுத்து நரம்பு புடைக்கலாம், அந்தச் சொல் அதன் சொந்த உருவத்தில் அவர்கள் காதில் விழ வேண்டும். "இன்னைக்கு க்..." என்று நின்றேன். கண்ணை மூடவில்லை. நேற்றுத் தலைக்கு மேலே ஆடிய கட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைசியில் "கிழக்குப் பக்கம் கிரேன். யாரும் போகக் கூடாது" என்று வந்தது.

"கெழக்கு," என்று மேஸ்திரி தன் ஆட்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "சரி சார்."

அதன் பிறகு தினமும் பேசினேன். திக்கல் போகவில்லை, அது போகிற ஜாதி இல்லை. ஆனால் நான் மாற்றுச் சொல் போடுவதை விட்டுவிட்டேன். கம்பி கம்பியாயிற்று, கான்கிரீட் கான்கிரீட் ஆயிற்று. ஒரு 'க'வுக்கு முன்னால் நான் நிற்கும்போது, ஏதோ முக்கியமான இடம் வருகிறது என்று அவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களோடு உட்கார்ந்தேன். மேஸ்திரிக்கு நான் திருச்சி என்று தெரிந்தது. "காப்பியா டீயா சார்?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து காப்பியே வாங்கிக் கொடுப்பார்.

சில மாதங்கள் இப்படிப் போயின. பிறகு சியோலிலிருந்து கம்பெனியின் பெரிய தலைவர் சைட்டைப் பார்க்க வந்தார். எல்லாரும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் முன்னால் வந்து வேலை எவ்வளவு முடிந்தது என்று சொன்னார். எங்கள் முறை வந்தது. வழக்கம் போல உதவியாளர் தாளோடு முன்னால் நகர்ந்தார். குவாஜாங் கையை நீட்டி அவரை நிறுத்திவிட்டுத் தானே போனார். வரைபடத்தை விரித்துப் பிடிக்க என்னையும் கூட வரச் சொன்னார்.

அவர் பேசத் தொடங்கினார். எனக்குக் கொரிய மொழி தெரியாது. இரண்டு மூன்று வாக்கியம் போயிருக்கும். பிறகு நின்றது. படத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்வரிசையில் ஒரு இன்ஜினியர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வெறும் வானத்தைப் பார்த்தார். உதவியாளரின் உதடு சத்தமில்லாமல் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இத்தனை காலமாக இவருக்கு இங்கிலீஷ் வராது என்றல்லவா நினைத்திருந்தேன். குறைவாகப் பேசுவது பெரிய மனுஷத்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன். குவாஜாங்கின் கழுத்தில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. அவருடைய கண் எங்காவது ஒரு முகம் கிடைக்காதா என்று அலைந்தது. என்னிடம் வந்தது. நான் பார்வையைத் திருப்பவில்லை. சொல் வந்தது. அடுத்ததும் வந்தது. இடையிடையே நின்று, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

விருந்தாளிகள் போன பிறகு, தண்ணீர் டிரம் பக்கத்தில் அவரைப் பிடித்தேன்.

"நீங்களுமா?" என்றேன்.

"சின்ன வயதிலிருந்து," என்றார்.

"என்னைப் பற்றி எப்போது தெரியும்?"

"முதல் நாள். இங்கிலீஷ் வராதவன் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். உனக்கு வாய் பூட்டிக்கொள்ளும். வேறு மாதிரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் எதற்கு என்னை அந்தப் பெட்டிமேல் ஏற்றினீர்கள்? சிரித்தார்களே, ஜோக் என்றீர்களே?"

"ஜோக் என்று சொன்னால் இறங்கி ஓட மாட்டாய்," என்றார். பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்று நின்று சொன்னார். "என்னிடம் யாரும் ஹேபா சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில், ராணுவத்தில், கம்பெனியில், உட்கார் என்றார்கள். வேறு ஆள் படிப்பான் என்றார்கள். நான் உட்கார்ந்தேன். நீ தினமும் காலையில் ஏறினாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் இன்று."

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுதுவிடுவேன் போலிருந்ததால் நானும் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காலை உடற்பயிற்சி முடிந்ததும் உதவியாளர் முன்னால் வரவில்லை. குவாஜாங்கே வந்து அந்த மரப் பெட்டியின் மேல் ஏறினார். கொரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தொடங்கினார், நின்றார். கொரியர்களின் வரிசையில் தலைகள் மெல்லக் குனிந்தன.

பக்கத்து வரிசையில் எங்கள் ஆட்கள் அறுபது பேர், ஒரு சொல் கூடப் புரியாமல், குனியாமல் நின்றார்கள். தினமும் என் முன்னால் நின்று பழகிய நிலை அது. நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதிதாக வந்த ஒரு கம்பி கட்டுகிறவர் மட்டும் மேஸ்திரியிடம், "என்னண்ணே ஆச்சு அவருக்கு?" என்று கேட்டார். கொரியர்களில் ஒருவர் திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் தலையையும் நிமிர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு தலை நிமிர்ந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றார் மேஸ்திரி தாழ்ந்த குரலில். "வாயில இருக்கு. வரும், பேசாம நில்லு."